தோர்தோஞ் கரையில் எட்டு நாள்

சனிக்கிழமை

"கிராமத்தைப் பாக்கவா இவ்வளவு காசு குடுத்துப் போறோம்?" தெற்குப் பிரான்சில், நாங்கள் வசிக்கும் துலூஸில் கார் கிளம்பும் முன்பே அம்மா கேட்டுவிட்டார். வத்தலக்குண்டு பக்கத்தில் ஒரு கிராமத்தில் அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். மூன்று மாத விசாவில் எங்களைப் பார்க்க வந்தவரை இன்னொரு கிராமத்துக்குக் கூட்டிப் போகிறோம். கேள்வி நியாயமானதுதான்.

வடக்கே ஏ20 நெடுஞ்சாலையில் ஏறி, சூயாக்கில் இறங்கி, அதன்பிறகு எதிரே வண்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டிய சாலைகள். இரண்டரை மணி நேரத்தில் வீடு வந்தது. பெரிகோர் பகுதியில், சர்லா ஊருக்குக் கிழக்கே, ஐந்தாறு வீடுகள் மட்டும் உள்ள ஒரு குடியிருப்பு. தேன் நிறச் சுண்ணாம்புக்கல் சுவர், செங்குத்தான கூரை, முற்றத்தில் கிணறு. கிணறுதான், ஆனால் கம்பி போட்டு மூடி அதன் மேல் பூச்செடி வைத்திருக்கிறார்கள். அம்மா முதலில் அதைத்தான் எட்டிப் பார்த்தார். "தண்ணி கிடக்கு. ஏன் மூடி வச்சிருக்காங்க?"

இப்படி வாடகைக்கு விடும் கிராமத்து வீட்டை இங்கே ஜீத் என்பார்கள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பதுபோல 'ஜீத் த ஃபிரான்ஸ்' அமைப்பு தன் வீடுகளுக்கு தானியக் கதிர் கொடுக்கிறது. எங்களுடையது மூன்று கதிர் வீடு. கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை என்றுதான் கொடுப்பார்கள்.

வீட்டுக்காரம்மாவுக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் கதவுகளைப் பற்றிக் கால் மணி நேரம் பாடம் எடுத்தார். இரவு முழுக்கத் திறந்து வைக்க வேண்டும், காலை பத்து மணிக்கு எல்லா மரக்கதவுகளையும் அடைத்துவிட வேண்டும், சூரியன் மறையும் வரை திறக்கவே கூடாது. இந்த வாரம் 38 டிகிரி வரை போகுமாம். நான் மொழிபெயர்த்ததும் அம்மா, "வெயிலைப் பத்தி நமக்குச் சொல்லுதாக்கும்" என்றார் சிரித்துக்கொண்டே. அந்தம்மாவும் என்னவென்று தெரியாமல் சிரித்தார்.

குக்கர் கொண்டு வந்தோம். உளுந்து மறந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

ஒன்றும் செய்யவில்லை. மதியத்துக்கு மேல் கடைகள் கிடையாது, நாளையும் பாதிக் கடைகள் திறக்காது. ரொட்டியும் பாலும் இருந்தன, போதும்.

வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்காரர் பெதாங் குண்டுகளை எடுத்து வந்தார். இரும்புக் குண்டுகள். ஒரு சின்ன மரக்குண்டை ஆறிலிருந்து பத்து மீட்டர் தள்ளி எறிந்துவிட்டு, அதன் பக்கத்தில் யார் குண்டு போய் நிற்கிறது என்று பார்க்கும் ஆட்டம். கால் இரண்டையும் தரையில் ஊன்றி, நகராமல் வீச வேண்டும். அந்த மரக்குண்டுக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயருக்குப் 'பன்றிக்குட்டி' என்று அர்த்தம். அதைக் கேட்டதிலிருந்து ஆறு வயதுச் சின்னவன் ஒவ்வொரு முறையும் பன்றி மாதிரி உறுமிவிட்டுத்தான் எறிந்தான்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தார். பிறகு, "இது கோலிக்குண்டுதானே" என்று எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வீசிய மூன்றாவது குண்டு, என் கணவரின் குண்டைத் தட்டித் தள்ளிவிட்டு அதே இடத்தில் நின்றது. இப்படி அடிக்கத்தான் இங்கே வருடக்கணக்கில் பழகுகிறார்கள். வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றி அம்மாவுக்கு வணக்கம் வைத்தார். "அத்தை, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்ட மாப்பிள்ளைக்கு, "எங்கண்ணன் கூட விளையாடினதுதான். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குன்னு அடி வாங்கினதும் உண்டு" என்று பதில் வந்தது. இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாத கதை.

திங்கட்கிழமை

தோர்தோஞ் நதிக்குப் போனோம். கோடையில் இங்கே வரும் எல்லாக் குடும்பமும் செய்யும் காரியம் சிறு படகில் துடுப்புப் போடுவது. சேனாக்கில் ஏறினால் பெய்னாக்கில் இறங்கலாம், சுமார் 9 கிலோமீட்டர். ஆனால் நீச்சல் தெரியாத பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள். அதனால் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மகளும் அப்பாவும் துடுப்புப் படகில். நான், அம்மா, சின்னவன் மூவரும் லா ரோக் கஜாக்கிலிருந்து கிளம்பும் கபார் என்ற தட்டை மரப்படகில்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் வருத்தம். வயதானவர்களோடும் குழந்தைகளோடும் உட்காரும் படகு என்று நினைத்துவிட்டேன். கதை என்னவோ கபாரில்தான் இருந்தது.

பழைய நாட்களில் மேல் ஆற்றுக் காடுகளிலிருந்து ஓக் மரம் இந்தப் படகுகளில்தான் கீழே போனது. போர்தோ பக்கத்துத் திராட்சை மதுவுக்குப் பீப்பாய் செய்ய. மழையில் ஆறு பெருகும் நாட்களில் மட்டுமே ஓட்டம். சரக்கை இறக்கியதும் மேலிருந்து வந்த அந்தப் படகையும் உடைத்து விறகாக விற்றுவிடுவார்கள், நீரோட்டத்தை எதிர்த்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால். படகோட்டிகள் ஊருக்கு நடந்தே திரும்புவார்கள். "படகையும் வித்துட்டு நடந்தா வருவாங்க?" அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "அப்ப ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு செய்யணுமே." ஆமாம், அதுதான் தொழில்.

கஸ்தெல்நோ கோட்டை இடது பக்கம் உச்சியில் தெரிந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி, பெய்னாக் கோட்டை. 1337 முதல் 1453 வரை நடந்த நூறாண்டுப் போரில் பெரும்பாலும் கஸ்தெல்நோ ஆங்கிலேயர் பக்கம், பெய்னாக் பிரெஞ்சு அரசர் பக்கம். அடுப்புப் புகை தெரியும் தூரத்தில் இரண்டு எதிரிகள். நடுவில் இந்த ஆறு. இன்று அதில் நூற்றுக்கணக்கான பிளாஸ்டிக் படகுகள், ஒன்றில் வாய் ஓயாமல் அப்பாவை அதட்டிக்கொண்டு என் மகள். எங்களைப் பார்த்ததும் துடுப்பைத் தூக்கி ஆட்டினாள். ஆட்டிய வேகத்தில் படகு சுழன்று பின்பக்கமாகப் போக ஆரம்பித்தது. சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

லா ரோக் கஜாக் ஊரே ஒரு பெரிய பாறைச் சுவரில் ஒட்ட வைத்ததுபோல இருக்கிறது. 1957 ஜனவரியில் அந்தப் பாறையின் ஒரு பகுதி சரிந்து மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். தெற்குப் பார்த்த பாறை என்பதால் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் விடுகிறது. அதனால் ஒரு சந்தில் ஏறினால் பனை, மூங்கில், அப்புறம் வாழை! அம்மா வாழையிலையைத் தொட்டுப் பார்த்தார். கிழியாத பெரிய இலை. "நம்மூர்ல இருந்தா இந்நேரம் சோறு போட்டிருக்கலாம்." ஊர்ப் பொதுத் தோட்டம், பறிக்கக் கூடாது என்று நான் அவசரமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மகள் ஒற்றைச் செருப்போடு கரையேறினாள். மற்றொன்று போர்தோவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை

லாஸ்கோ ஓவியக் குகை. ஆகஸ்டில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பதிராக் என்ற இடத்தில் 75 மீட்டர் ஆழப் பள்ளத்தில் இறங்கிப் பாதாள ஆற்றில் படகில் போகலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டியிருந்தேன். டிக்கெட் தேடும்போது இந்த வாரம் முழுக்கத் தீர்ந்திருந்தது. என் தப்புதான். அந்தச் சோகம் காரில், லாஸ்கோ இருக்கும் மொந்திஞ்ஞாக் ஊர் வரை ஓடியது.

லாஸ்கோ, 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு பையன்கள் ஒரு குழிக்குள் இறங்கிக் கண்டுபிடித்த குகை. சுமார் இருபதாயிரம் ஆண்டுப் பழமையான ஓவியங்கள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்து நின்று மூச்சுவிட்டதில் சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, சுண்ணாம்புப் படலம் ஏறியது. 1963இல் பண்பாட்டு அமைச்சர் அந்த்ரே மால்ரோ குகையை மூடிவிட்டார். இன்று நாம் பார்ப்பது, மலையடிவாரத்தில் 2016இல் திறந்த முழு நகல். பாறையின் மேடு பள்ளம் வரை அப்படியே அச்செடுத்திருக்கிறார்கள். உள்ளே குளிரும் இருட்டும்கூட குகை மாதிரியே.

மகளுக்குப் பதினொரு வயது. "அப்ப இது டூப்ளிகேட்டா? டூப்ளிகேட்டப் பாக்கவா வந்தோம்?" என்றாள். நான் பாதுகாப்பு, ஈரப்பதம் என்று ஏதோ ஆரம்பித்தேன். அம்மா முந்திக்கொண்டார். "கோயில்ல மூலவர் உள்ளேயே இருப்பாரு. வெளிய ஊர்வலம் வர்றது உற்சவர். உற்சவரை யாராச்சும் டூப்ளிகேட்டுன்னு சொல்வாங்களா?" மகள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். நானும்தான். கட்டடத்தைப் பற்றிப் படித்துவிட்டுப் போன எனக்கு இப்படித் தோன்றவில்லை.

காளைகள் கூடத்தில் ஒரு காளை மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல். உடம்பு பக்கவாட்டில், ஆனால் கொம்பு இரண்டும் முன்னாலிருந்து பார்ப்பதுபோல. "கொம்பு ரெண்டும் தெரிஞ்சாத்தான் அது எந்த மாடுன்னு தெரியும்" என்றார் அம்மா, வரைந்தவர் சார்பில். வழிகாட்டி சொன்ன இன்னொரு விஷயம் என் மண்டையில் நின்றுவிட்டது. அங்கே கிடைத்த எலும்புகளில் பெரும்பகுதி பனிமானுடையது. அதைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் சுவரில் குதிரை, காளை, மான் என்று நூற்றுக்கணக்கான உருவங்களுக்கு நடுவே பனிமான் ஒன்றுக்கு மேல் இல்லை. தின்றதை வரையவில்லை.

அப்புறம் அந்த விளக்கு. சிவப்பு மணற்கல்லில் கரண்டி போலக் குடைந்து, மிருகக் கொழுப்பை ஊற்றித் திரி வைத்து எரித்திருக்கிறார்கள். குட்டி விளக்கு, கைப்பிடியோடு. அம்மா அங்கே நின்ற நேரம் காளைகள் முன்னால் நின்றதைவிட அதிகம்.

புதன்கிழமை

சர்லா சந்தை. புதனும் சனியும் உண்டு, புதனில் கூட்டம் குறைவு என்றார்கள். கார் நிறுத்த நாற்பது நிமிடம் சுற்றினோம். குறைவு இதுவென்றால் சனிக்கிழமையை நினைக்கவே பயமாக இருக்கிறது.

அழகான ஊர்தான், சந்தேகமில்லை. 1962இல் மால்ரோ பெயரில் வந்த சட்டம் பழைய நகரங்களை இடிக்காமல் முழுத் தெருவாகப் பாதுகாக்க வழி செய்தது. அதில் முதலில் பயன்பெற்ற ஊர்களில் சர்லா முக்கியமானது. நேற்றுப் பார்த்த குகையை மூடியவரும் இந்தத் தெருக்களைக் காப்பாற்றியவரும் ஒரே ஆள். ஆனால் இன்று அந்தத் தெருக்களில் மூன்று கடைக்கு ஒன்று வாத்து ஈரல் டப்பா விற்கிறது. ஒரு பழைய தேவாலயம் சந்தைக் கட்டடமாகியிருக்கிறது, கட்டடக் கலைஞர் ழான் நுவேல் வடிவமைத்த 15 மீட்டர் உயர இரும்புக் கதவுகளோடு. அங்கே தக்காளியும் வெண்டைக்காய் அளவு சுரைக்காயும் வாங்கிக்கொண்டு தப்பித்தோம். மதியம் முழுக்க ஜன்னலை அடைத்த இருட்டில் எல்லோரும் தூக்கம். வீட்டுக்காரம்மா சொன்னது சரி, வெளியே 38, உள்ளே மின்விசிறிகூட வேண்டியிருக்கவில்லை.

இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தோம். ஆகஸ்ட் இரண்டாம் வாரம், எரிநட்சத்திரம் விழும் நாட்கள். முதல் ஒன்று விழுந்ததும் சின்னவன் கண்ணை இறுக்கி மூடி வேண்டிக்கொண்டான், பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி. "ஐயய்யோ, நட்சத்திரம் விழுறதப் பாத்தா உடனே பச்ச மரத்தப் பாக்கணும்டா!" என்று அம்மாச்சி பதறினார். இருட்டில் பச்சை மரத்துக்கு எங்கே போவது? அடுத்ததிலிருந்து இரண்டையும் செய்தான். வேண்டுதல் ஒன்று, வேலியோரத்து வால்நட் மரத்துக்கு ஒரு பார்வை. பதினேழு வரை எண்ணிவிட்டுத் தூங்கிப்போனான்.

வியாழக்கிழமை

இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நாள் இதுதான். திட்டத்தில் இல்லாத நாள்.

வழியெல்லாம் வரிசை பிடித்து நட்ட வால்நட் தோப்புகள். பெரிகோர் வால்நட்டுக்கு 2002 முதல் நம் புவிசார் குறியீடு மாதிரி ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. பக்கத்தில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் பழைய எண்ணெய் ஆலை இருக்கிறது, இன்று ஆட்டுகிறார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னார். அம்மா தலை வாரிக்கொண்டு முதல் ஆளாகக் காரில் உட்கார்ந்துவிட்டார்.

ஓடையிலிருந்து வரும் தண்ணீர் கீழே சக்கரத்தைச் சுற்றுகிறது. மேலே வட்டத் தொட்டிக்குள், நிமிர்ந்து நிற்கும் பெரிய கல் சக்கரம் உருண்டு பருப்பை நசுக்குகிறது. கால் மணி நேரத்தில் பருப்பு பசையாகிவிடும். அந்தப் பசையை இரும்புச் சட்டியில் கொட்டி, விறகு அடுப்பில் கிண்டிக்கொண்டே சூடாக்குகிறார்கள். வாசனை கூரையைத் தொட்டது. ஆலைக்காரர் கடிகாரம் பார்க்கவில்லை, மூக்கை வைத்துத்தான் இறக்கினார். பிறகு துணியில் பொதிந்து அழுத்தியில் வைத்தால், பொன்னிறத்தில் நூலாக இறங்குகிறது எண்ணெய். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ பருப்பு.

எங்கள் அம்மா பிறந்த தெருக் கோடியில் மாட்டுச் செக்கு இருந்ததாம். அதனால் பரிசோதனை பலமாக நடந்தது. "எதுக்கு வறுக்கறாரு? நல்லெண்ணெய்க்கு நாம கருப்பட்டி போட்டு ஆட்டுவோம். எண்ணெய் பிரியும். வறுக்க வேண்டியதில்லையே." நான் பிரெஞ்சில் கேட்டேன். கருப்பட்டியைப் 'பனைமரத்து வெல்லம்' என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சூட்டில் எண்ணெய் இளகிச் சுலபமாக வரும், வாசனையும் அதில்தான் இருக்கிறது என்றார் அவர். வறுக்காமலும் பிழியலாம், ஆனால் இந்த ருசி வராது. அம்மா தலையாட்டினார், ஏற்றுக்கொண்டதாக இல்லை, கேட்டுக்கொண்டதாக.

வால்நட்டை உடைத்துப் பருப்பெடுப்பது அந்தக் காலத்தில் குளிர்கால இரவு வேலை. அக்கம்பக்கத்தார் ஒரு வீட்டில் கூடி, சின்ன மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கதை பேசுவார்களாம். பெண்கள் எடைக்கு இவ்வளவு என்று கூலிக்கும் செய்திருக்கிறார்கள். இதை மொழிபெயர்க்கவே தேவைப்படவில்லை. சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படத்தைப் பார்த்ததுமே அம்மா, "புளி தட்டுறது" என்றார். "நாங்களும் இப்படித்தான். கிலோவுக்குக் கூலி. ஒரு பாட்டிம்மா பேய்க்கதை சொல்லும்."

அழுத்தியிலிருந்து பழுப்பு நிற வட்டக் கட்டி ஒன்று விழுந்தது. அம்மா கையில் எடுத்து முகர்ந்தார். "பிண்ணாக்கு!" ஊரில் யாரையோ பார்த்துவிட்ட சந்தோஷம் முகத்தில். ஒரு விள்ளல் உடைத்து வாயில் போட்டார், சின்னவனுக்கும் ஒரு விள்ளல். ஆலைக்காரர் தடுக்கவில்லை, தாமும் ஒன்றை உடைத்துத் தின்றார். மாட்டுக்கு வைப்பீர்களா என்று அம்மா கேட்டார். முன்பு வைத்தோம், இப்போது மாவாக்கிக் கேக்குக்கு விற்கிறோம் என்றார். "கெட்டிக்காரன்" என்றார் அம்மா. இதையும் மொழிபெயர்த்தேன்.

அரை லிட்டர் எண்ணெய் வாங்கினோம். அடுப்பில் காய்ச்சக் கூடாது, குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும், திறந்த பிறகு சீக்கிரம் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு வாடை வந்துவிடும். வெளியே வந்ததும் அம்மா கேட்டார், "தாளிக்கவும் ஆகாது, பொரிக்கவும் ஆகாதுன்னா இதை வச்சு என்னதான் பண்றது?" சாலட்டில் ஊற்றுவார்கள் என்றேன். பச்சை இலை விஷயத்தில் அம்மாவின் கருத்து வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை

காலையில் மிலாந்த் மாளிகை. பருந்து, ஆந்தை எல்லாம் பறக்கவிடும் காட்சி உண்டு, அதற்காகத்தான் பிள்ளைகள் சம்மதித்தார்கள். ஓர் ஆந்தை சின்னவனின் தலைக்கு ஒரு சாண் மேலே பறந்து போனது. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

மாளிகை ஜோசபின் பேக்கருடையது. 1906இல் அமெரிக்காவில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, 1925இல் பாரிஸுக்கு வந்து, வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடிப் புகழ்பெற்றவர். இரண்டாம் உலகப் போரில், பாட்டுத் தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிய ரகசியச் செய்திகளைப் பிரான்சுக்காகக் கொண்டுபோனவர். 1947இல் இந்த மாளிகையை வாங்கி, பல நாடுகளில் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தார். அந்தப் பாவாடையைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த அம்மா எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு என்றதும்தான் நின்றார். "பன்னெண்டுமா? யாரு சோறாக்கினா?"

செலவு கையை மீறியது. கடனில் மாளிகை ஏலம் போய், 1969இல் அவரை வெளியேற்றினார்கள். சமையலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தவரை இழுத்து வெளியே விட்டார்கள். தலையில் தொப்பியும் காலில் போர்வையுமாகச் சமையலறைப் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று இருக்கிறது. 2021 நவம்பரில் பிரான்ஸ் அரசு, நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தியோனில் அவருக்கு இடம் கொடுத்துக் கௌரவித்தது. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. பின்னால் போய்த் தேடினால், அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, சும்மா" என்றார்.

மாலையில் பக்கத்துக் கிராமத்தில் இரவுச் சந்தை. சதுக்கத்தில் நீள மேசைகள், சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். தட்டும் கரண்டியும் வீட்டிலிருந்து கொண்டு போக வேண்டும். வெள்ளிக்கிழமை அம்மாவுக்குச் சைவம். பூண்டும் கொத்தமல்லி மாதிரி ஓர் இலையும் போட்டு வறுத்த உருளைக்கிழங்கை வாங்கிக் கொடுத்தேன். ரசித்துச் சாப்பிட்டார். "நம்ம வறுவல் மாதிரியே இருக்கு, என்னவோ ஒரு மணம்." மகள் கடைப் பலகையைப் படித்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மாச்சி, அது வாத்துக் கொழுப்புல வறுத்தது!"

சர்லா உருளைக்கிழங்கு என்றாலே அப்படித்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேசையே அமைதியானது. அம்மா தட்டைப் பார்த்தார். முக்கால்வாசி காலி. "தெரியாமச் சாப்பிட்டது கணக்குல வராது" என்று மீதியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். பிறகு மகளிடம், "கடைசியாச் சொல்லியிருக்கலாம்ல?"

சனிக்கிழமை

பத்து மணிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மா ஐந்தரைக்கே எழுந்து தரையைத் துடைத்து, முற்றத்தையும் பெருக்கிவிட்டார். சுத்தம் செய்யத் தனியாகக் காசு கட்டியிருக்கிறோம் என்றால் கேட்பாரா? வீட்டுக்காரம்மா வந்து பார்த்து, வாசலில் அரிசிமாவுக்குப் பதில் கோதுமை மாவில் போட்டிருந்த சின்னக் கோலத்தைக் குனிந்து படம் எடுத்துக்கொண்டார். அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

மதியம் துலூஸ். துணி துவைக்கப் போட்டாயிற்று. ஃப்ரீசரில் இருந்த மாவை எடுத்து இரவுக்கு இட்லி. மேசையில் பொடி இருந்தது, நல்லெண்ணெய் தீர்ந்திருந்தது. அம்மா வால்நட் எண்ணெயைத் திறந்து முகர்ந்து, பொடியில் குழி பறித்து ஊற்றிக் குழைத்து, ஒரு துண்டு தொட்டுச் சாப்பிட்டார். நாங்கள் நான்கு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வறுத்தது தப்பில்ல" என்றார்.